இதயப் படத்துக்கு முன் கழுத்தையும் பாருங்கள்!

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கை நடுங்குகிறது. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது.

"இதய நோயாக இருக்குமோ?" என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். இதயத்தைப் படம் பிடிக்க ஓடுகிறார்கள்.

ஆனால், குற்றவாளி இதயமாக இல்லாமலும் இருக்கலாம். கழுத்தின் முன்புறம், வண்ணத்துப்பூச்சி வடிவில் "தைராய்டு" என்ற சுரப்பி இருக்கிறது. அது அளவுக்கு மீறிச் சுரந்தாலும் இதே தொல்லைகள்தான் வரும்.

எந்தப் படத்தில் ஆபத்து?

ஈ.சி.ஜி.யும், ஒலி அலையால் பார்க்கும் "எக்கோ"வும் தைராய்டுக்குக் கெடுதல் செய்வதில்லை.

"ஆஞ்சியோகிராம்" அப்படி அல்ல. ரத்தக் குழாய்கள் படத்தில் தெரிவதற்காக ஒரு மருந்தைச் செலுத்துகிறார்கள். சி.டி. ஸ்கேனில் எடுக்கும் ஆஞ்சியோகிராமுக்கும் இந்த வகை மருந்துதான். அதில் அயோடின் இருக்கிறது.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். இந்த மருந்தில் ஒரு மில்லியிலேயே சுமார் 300 மில்லிகிராம்! அதாவது 2,000 நாளைக்கு உரிய அளவு. செலுத்துவதோ பல மில்லி. பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். பிரிந்து தங்கும் சிறு பகுதியே தைராய்டுக்கு அதிகம்.

அயோடினைக் கொண்டுதான் தைராய்டு தன் சுரப்பு நீரைத் தயாரிக்கிறது. ஏற்கனவே அடங்காத சுரப்பிக்கு இது எரிகிற நெருப்பில் எண்ணெய். சில வாரம் கழித்துப் படபடப்பு கூடலாம். இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம். அபூர்வமாக உயிருக்கே ஆபத்து வரலாம். கழுத்தில் கழலை உள்ள முதியவர்களுக்கும் எச்சரிக்கை தேவை.

ஒரே ஒரு கேள்வி

அவசரம் இல்லாத படம் என்றால், முதலில் தைராய்டைப் பற்றிக் கேட்பது ஆஸ்பத்திரியின் கடமை. சந்தேகம் இருந்தால் "டி.எஸ்.எச்." ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். யாரும் கேட்காவிட்டால் நோயாளியே சொல்லவேண்டும். சாப்பிடும் மாத்திரைகளைக் காட்டவேண்டும்.

சுரப்பு அதிகம் என்று தெரிந்தால் வழி இருக்கிறது. அதை முதலில் மாத்திரையால் அடக்கலாம். வேறு வகைப் படம் போதுமா என்றும் டாக்டர் முடிவு செய்யலாம். படம் எடுத்த சில வாரத்தில் மீண்டும் ரத்தத்தைப் பார்ப்பது நல்லது.

மாரடைப்பு வந்தவருக்கு மட்டும் இந்தத் தயக்கம் கூடாது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர். தைராய்டு இருப்பதைச் சொல்லிவிட்டு, உடனே சிகிச்சைக்கு விடவேண்டும்.

பல் பிடுங்கும் முன் "சர்க்கரை உண்டா?" என்று கேட்கிறார்கள். ஆஞ்சியோகிராமுக்கு முன் "தைராய்டு உண்டா?" என்று கேட்க அரை நிமிடம் போதாதா?