பொதுநிலமும் வீதியின் விலையும்

புதிய களனிப் பாலத்தருகிலிருந்து ராஜகிரிய வழியாக அத்துருகிரிய வரை தூண்களின்மேல் அமைக்க உத்தேசிக்கப்பட்ட அதிவேகப் பாதை, தலங்கம வாவியை அடுத்த ஈரநிலத்தின் குறுக்கே செல்லவிருப்பதை முன்னிட்டு 2020 ஆம் ஆண்டில் குடியிருப்பாளரும் சுற்றாடல் ஆர்வலரும் பொறியியலாளரும் நடத்திய விவாதம், நமது தொழிலைச் சார்ந்தோர் எளிதில் மறந்துவிடத் தக்கதன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாட்டின் பெருந்திட்டங்கள் பலவும் முடங்கியபோது அந்த விவாதமும் அடங்கிற்று. ஆயினும் அது பணமின்மையால் அடங்கிற்றேயன்றி நியாயம் கண்டு தீரவில்லை. வேறொரு வீதிக்காக, வேறொரு பொதுநிலத்தில் அது மீண்டும் எழும் என்பதனாலேயே, கல்முனையிலும் திருக்கோவிலிலும் விநாயகபுரத்திலும் பணிபுரியும் நாமும் அதனை நமது விடயமாகக் கருத வேண்டியிருக்கிறது.

தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 2007 இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது தலங்கம. வாவியும் அதனை நம்பிய வயல்களும் சதுப்பும் ஒருசேர அமைந்த அவ்விடத்தில், இலங்கைக்கேயுரிய ஊதாமுக மந்தி இன்றும் நகரத்தின் மத்தியிலே உயிர்வாழ்கிறது. கொழும்பு 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரத்தைப் பெற்றது இத்தகைய நிலங்கள் எஞ்சியிருந்தமையாலேயே. 2010 நவம்பரின் பெருமழையில் வெள்ளம் பாராளுமன்ற வளாகத்துள்ளேயே புகுந்ததைக் கண்ட நாட்டிலே, மழைநீரைத் தாங்கி மெல்ல விடுகின்ற நிலத்தின் பிரயோசனத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் அறிந்திருந்தும் வீதிகள் ஏன் இத்தகைய நிலங்களையே நாடுகின்றன என்று வினவினால், அதற்குரிய விடை எந்த ஒருவரின் தீய எண்ணத்திலும் இல்லை. வழித்தடங்களை நாம் ஒப்பிடுகின்ற முறையிலேயே இருக்கிறது. வரைபடத்தில் மூன்று வழிகளைக் கீறி அவற்றின் செலவை அட்டவணைப்படுத்தும்போது, குடியிருப்பினூடே செல்லும் வழிக்கு நேரே காணிச் சுவீகரிப்பு, வீடுகளுக்கான நட்டஈடு, மீள்குடியேற்றம், வழக்குகளால் நேரும் தாமதம் என்று தொகைகள் நிறைந்து நிற்க, பூங்காவினூடேயோ சதுப்பினூடேயோ செல்லும் வழிக்கு நேரே அதே கட்டங்களில் அற்பத் தொகையோ வெறும் பூச்சியமோ விழுகிறது. கூட்டிப் பார்த்தால் பொதுநிலமே எப்போதும் வெல்லும். அது வெல்வது மலிவானது என்பதனாலன்று. அதன் விலையை எழுதுவதற்கு அட்டவணையில் இடம் இல்லாமையாலேயே.

அமெரிக்க நாட்டின் மெம்பிஸ் நகரத்தில், 342 ஏக்கர் விஸ்தீரணமுள்ள ஓவர்ட்டன் பூங்காவின் 26 ஏக்கரை விழுங்கி ஆறு தடங்களோடு செல்லவிருந்த நெடுஞ்சாலையைப் பற்றிய வழக்கில், அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1971 மார்ச்சில் இந்த நுட்பத்தையே தொட்டது. சாத்தியமும் விவேகமுமான மாற்றுவழி இருக்குமிடத்துப் பூங்கா நிலத்தை எடுக்கலாகாது என்று 1966 ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது. செலவையும் குடிகளின் இடையூறையும் பூங்காவோடு சரிசமமாகத் தராசிலிட்டால் பூங்கா ஒருபோதும் தப்பாது; ஆதலால் அதனைக் காப்பதற்கே முதன்மை அளிக்கவேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1981 இல் அந்த வழி கைவிடப்பட்டது. நெடுஞ்சாலை நகரின் வடபுறச் சுற்றுவழியோடு இணைக்கப்பட்டு இன்றும் இயங்குகிறது.

தூண்களின்மேல் செல்லும் வீதியால் நிலத்துக்குத் தீங்கில்லை என்ற சமாதானம் அடிக்கடி சொல்லப்படுகிறது. தூணை நாட்டுவதற்கு இயந்திரம் வரவேண்டும். இயந்திரம் வருவதற்குச் சதுப்பிலே மண் கொட்டி வழி அமைக்கவேண்டும். அம்மண்ணை முற்றாக அகற்றினாலும் அமிழ்ந்த சேறு பழைய மட்டத்துக்கு மீள்வது அரிது என்பதைக் களத்திலே நின்றவர்கள் அறிவார்கள்.

நமது சட்டத்திலும் வழி இல்லாமலில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் செய்யப்பட்ட திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கி, பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாட்களை வழங்கியது. தெற்கு அதிவேகப் பாதையின் வழித்தடம் ஈரநிலங்களைத் தவிர்க்கும் நோக்கோடு மாற்றப்பட்டபோது, புதிய தடத்தில் அகப்பட்ட வீட்டுக்காரர்கள் தம்மை எவரும் விசாரிக்கவில்லை என்று முறையிட, 2004 இல் மண்டி வழக்கில் உயர் நீதிமன்றம் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று கண்டு நட்டஈடும் விதித்தது. ஆயினும் வீதி அவர்களுடைய காணிகளினூடாகவே சென்றது. சதுப்பைக் காத்தது சரியே. அதன் பொருட்டு வீடிழந்தோரின் குரலை முன்கூட்டியே கேளாமல் விட்டது அநியாயமே.

நமது கரையோரத்திலோ அலங்காரமான நகரப் பூங்காக்கள் அரிது. அவற்றின் ஸ்தானத்தில் இருப்பவை தோணாக்களும் தரவைகளும் வட்டைகளுமே. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலத்தில் மருதமுனை முதல் நிந்தவூர் வரை வீடுகள் நெருங்கிவிட்டபடியால், பிரதான வீதிக்கு மாற்றுவழி தேடுகின்ற எவருடைய கண்ணும் மேற்கே கரைவாகு வட்டையின்மீதே விழும். 2004 இன் சுனாமியில் உற்றாரைப் பறிகொடுத்த ஊர்கள் கடலைவிட்டு விலகிய வீதியொன்றை வேண்டுவது நியாயமானது; அதனைப் பேராசை என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. எனினும் மாரியில் இறங்கும் வெள்ளம் வட்டையில் தங்கி, தோணா வழியே சென்று, முகத்துவாரம் வெட்டியபின்னரே கடலைச் சேர்கின்ற ஒரு பிரதேசத்தில், குறுக்கே மண்மேடு உயர்த்தி மதகுகளில் சிக்கனம் காட்டினால், மேல்புறத்து இளம்பயிர் நீருள் அழுகும். எந்த மூலையில் வெள்ளம் எத்தனை நாள் நிற்கும் என்பதை வட்டவிதானை அறிவார். நமது வரைபடம் அறியாது.

பத்து கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெருந்தெருக்களே அவற்றின் நீளத்தின் பேரில் தாக்க மதிப்பீட்டுக்கு உட்படுகின்றன. நம் பகுதியின் வீதிகளில் அநேகம் அந்த அளவுக்குள் அடங்குபவை. ஆகவே சட்டம் கேளாவிடினும் இரண்டு காரியங்களை நாமே முன்வந்து செய்யவேண்டும்: பொதுநிலத்தைத் தொடாத வழியொன்றையேனும் முழுமையாகக் கணக்கிட்டு ஒப்பீட்டில் சேர்த்தல், காணி அளக்கப்படுவதற்கு முன்னரே அவ்வொப்பீட்டைத் தமிழில் எழுதி, பிரதேச செயலகத்திலும் விவசாய அமைப்பிடமும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களிடமும் வைத்து அபிப்பிராயம் கேட்டல். இவ்வாறு செய்து பார்த்த பொறியியலாளரும் நகரத் திட்டமிடலாளரும் நில அளவையாளரும் தமது அனுபவத்தை, தோல்வியுற்ற முயற்சியாயினும், இவ்விதழுக்கு எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.