வாங்கியவரிடம் இல்லாத சாவி

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். காசு கொடுத்து வாங்கிய புளூரே திரைப்பட இறுவட்டைத் தமது கணினியின் வன்தட்டில் பிரதியெடுத்து வைக்க விரும்புகிறார். அதற்கு டிரைவின் நிலைபொருளை, அதாவது கடைக்காரர்கள் ஃபேர்ம்வெயர் என்று சொல்வதை, மாற்றியாக வேண்டும். நகரத்துக் கடையொன்றில் விசாரித்தபோது, "இது களவு வேலை தம்பி, நாங்கள் தொடமாட்டோம்" என்று அனுப்பிவிட்டார்களாம். அதே கடையின் கண்ணாடிப் பெட்டியில் கள்ளப் பிரதிகள் அடுக்கியிருந்தன என்பதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

அது களவு அன்று என்பது என் பதில். சொந்தப் பணத்தில் வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி இயக்குவதைக் களவு என்று நம்மை நம்பவைத்ததே இந்த வணிகத்தின் பெரிய வெற்றி.

நிலைபொருள் என்பது டிரைவுக்குள் இருக்கும் சில்லில் பதிந்த சிறு நிரல். எந்தத் தட்டை வாசிப்பது, எந்த மென்பொருளுக்கு எதைக் கொடுப்பது என்று அதுவே தீர்மானிக்கிறது. புளூரே தட்டுகளுக்கு ஏ.ஏ.சி.எஸ். என்றொரு பூட்டு உண்டு. டிஸ்னி, வோர்னர், சோனி, மைக்ரோசொப்ட், இன்டெல் முதலிய பெருநிறுவனங்கள் கூடி அமைத்தது. அதில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருக்கிறது. புதிய தட்டு ஒன்றைச் செலுத்தினால், அதில் எழுதப்பட்டிருக்கும் தடைப்பட்டியல் டிரைவின் நினைவகத்தில் பதிந்துவிடும். அதன்பின் பட்டியலில் உள்ள மென்பொருளோடு டிரைவ் பேச மறுக்கும். நேற்றுவரை ஓடிய பழைய படத்தைப் போட்டாலும் மறுக்கும். 2007 இல் வின்டிவிடி என்ற மென்பொருளிலிருந்து சாவிகள் கசிந்தபோது, அதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களே புதிய பதிப்பை ஏற்றும்படி ஆயிற்று. இல்லையேல் புதிய படங்களைப் பார்க்க இயலாது. கசியவிட்டது யாரோ, தண்டம் கட்டியது வாங்கியவர். நாம் கடையில் வாங்கிவந்த தட்டு, நம் வீட்டுக்குள் நுழைந்து, நம்மைக் கேளாமல், நம் கருவியின் நினைவை மாற்றுகிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. நான்கு தலைமுறை குடியிருந்தும் லயத்துக் காம்பரா அவர்களுடையதாகவில்லை. பின்பக்கம் ஓர் அறையை இழுத்துக் கட்டவேண்டுமானால் துரையின் சம்மதம் வேண்டும். 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. "ஏன் போகவில்லை?" என்று கொழும்பில் இருந்துகொண்டு கேட்டவர்கள், போவதற்கு அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இருந்ததா என்று கேட்கவில்லை. அந்தத் துயரத்தை ஓர் இறுவட்டோடு நிறுக்க நான் வரவில்லை. அவ்வளவு மனம் மரத்துப்போகவில்லை. குடியிருப்பவன் கையில் அதிகாரம் இல்லாத வீடு எப்படிப்பட்டது என்று அறிந்த மக்களிடம், வாங்கியவன் கையில் அதிகாரம் இல்லாத கருவியையும் விற்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

2016 இல் வந்த 4கே புளூரேயில் இந்தப் பூட்டு மேலும் இறுகியது. கணினியில் அந்தத் தட்டை முறைப்படி பார்க்க வேண்டுமானால் இன்டெல் செயலியில் எஸ்.ஜி.எக்ஸ். என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். பின்னர் இன்டெல் தன் 11ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளிலிருந்து அந்த வசதியையே நீக்கிவிட்டது. ஆக, புத்தம்புதிய கணினி, அசல் டிரைவ், அசல் தட்டு, விலைகொடுத்து வாங்கிய மென்பொருள், இத்தனையும் இருந்தும் படம் ஓடாது. சட்டத்தை ஓரெழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவனுக்குக் கிடைத்த பரிசு அது. பூட்டைத் தாண்டியவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான். எப்படி? மீடியாடெக் சில்லு பொருத்திய சில எல்.ஜி., ஏசுஸ் டிரைவுகளின் பழைய நிலைபொருள் அந்தத் தட்டுகளை வாசிக்க விட்டது. அதை அறிந்த உற்பத்தியாளர்கள் "மேம்படுத்தல்" என்ற பெயரில் புதிய பதிப்புகளை வெளியிட்டு வழியை அடைத்தார்கள். சில பதிப்புகளை ஏற்றினால் பழையதற்குத் திரும்பவும் இயலாதபடி செய்தார்கள். மேம்படுத்தல்! தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்றே எண்ணியிருந்தேன். மேக்எம்கேவி மென்பொருளை உருவாக்கியவர் லிப்ரேடிரைவ் என்ற முறையைக் கொண்டுவந்தபின் அந்த டிரைவுகள் மறுபடி தட்டில் உள்ளதை உள்ளபடி கொடுக்கின்றன.

"கள்ளப் பிரதிகளைத் தடுக்க வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். படமெடுத்தவன் வயிற்றில் அடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பதுளையிலும் பண்டாரவளையிலும் விற்ற கள்ளத் தட்டுகளில் பூட்டு ஏது? அவை எந்தப் பெட்டியிலும் ஓடின. பூட்டு இருந்தது அசலில்தான். டிவிடி காலத்திலும் இதே கதை. உலகத்தைப் பிராந்தியங்களாக வெட்டி, நமக்கு 5 என்று இலக்கமிட்டார்கள், ஐரோப்பாவுக்கு 2. இலண்டனில் உள்ள உறவினர் வாங்கி அனுப்பிய ஆங்கிலப் படம் இங்கே ஓட வேண்டுமானால் டிரைவின் பிராந்தியத்தை மாற்ற வேண்டும். அதையும் 5 தடவைக்கு மேல் மாற்ற முடியாது. அப்போதும் மக்களைக் காப்பாற்றியது மாற்றிய நிலைபொருள்தான்.

இனிச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து ஒருவர் தமது சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது; படைப்பின் வழமையான வருவாய்க்குப் பங்கம் வரக்கூடாது என்ற நிபந்தனையுடன். அதே சட்டம், பூட்டை மீறும் கருவிகளை விற்பதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கும் வேலை. இந்தியா 2012 இல் செய்த திருத்தம் இதைவிடத் தெளிவானது: உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்கிறது. நோர்வேயில் டிவிடி பூட்டைத் திறக்கும் நிரலுக்காக யோன் லெக் யோஹன்சன் என்ற இளைஞர்மீது வழக்குத் தொடுத்தார்கள். தானே விலைக்கு வாங்கிய தட்டைத் திறந்து பார்ப்பது குற்றமாகாது என்று 2003 இல் விடுதலை செய்தார்கள். மேன்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. நமது சட்டத்திலும் நோக்கமே அளவுகோலாக வேண்டும் என்பது என் வாதம்.

பிரதி எதற்கு என்று கேட்பவர்கள் ஊவா மலையில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும். பனிமூட்டமும் ஈரமும் புகுந்து அலமாரியில் உள்ளதெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். மண் இறங்குகிறது என்றால் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது பிள்ளையையும் அடையாள அட்டையையும்தான். தட்டுகளை யார் நினைப்பார்கள்? வேறொரு வீட்டில் ஒரு பிரதி இருந்தால் உண்டு. மேலும், இந்தத் தொழிலே சுருங்கிவருகிறது. பதிவு செய்யும் புளூரே தட்டுகளின் உற்பத்தியை சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. நாளை டிரைவ் பழுதானால், அசல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாற்று டிரைவுக்கு எங்கே போவது?

கேட்ட தம்பிக்கு: உற்பத்தியாளர் தரும் புதிய பதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள். டிரைவின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தையும் உற்பத்தித் திகதியையும் முதலில் எழுதி வையுங்கள். ஒரே பெயரில் வந்த டிரைவுகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. இப்போதிருக்கும் நிலைபொருளை அப்படியே ஒரு கோப்பாகச் சேமித்த பிறகே மாற்றத் தொடங்குங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டிரைவ் வெறும் தகரப்பெட்டியாகிவிடக்கூடும். யூ.பி.எஸ். இல்லையென்றால், மழையும் இடியும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.