நோயாளிக்குக் காப்பீடு, துணையிருப்பவருக்குக் கடன்

அறுவைச் சிகிச்சையால் மட்டும் தீராத நிலையில் கண்டறியப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமாக 25 முறை வெளிக்கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரங்கள். அதனுடன் வாரம் ஒருமுறை கீமோதெரபி, தொடர்ந்து உட்கதிர்வீச்சு. இந்த வரிசை இடையில் தடைபட்டு நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்புக் குறையும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. ஆகவே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஒரு பெண்ணின் உயிரைத் தீர்மானிக்கின்றன. அந்த நாள்களில் அவருடன் யார் இருப்பது, இருப்பவர் இழக்கும் கூலியை யார் ஈடுசெய்வது என்ற கேள்விக்கு நமது மருத்துவக் காப்பீட்டில் விடையில்லை.

தமிழ்நாட்டின் பொதுமருத்துவக் கட்டமைப்பு சாதித்தவற்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரிலான அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு இன்று ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அறுவை அரங்கின் வாசலைக்கூட எட்ட முடியாதிருந்த மக்கள் இவற்றால் உள்ளே நுழைந்தார்கள். இது சிறிய மாற்றமன்று.

ஆனால் காப்பீடு கணக்கிடுவது மருத்துவமனைச் சுவர்களுக்குள் நடப்பதை மட்டுமே. கதிர்வீச்சு இயந்திரம் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. உள்ளூர் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் பேருந்தில் அந்தச் சலுகை இல்லை. நோயாளிக்குப் படுக்கை கிடைத்தாலும் துணைக்கு வந்தவர் வராந்தாவிலோ மரத்தடியிலோ படுக்க வேண்டும். மூன்று வேளை உணவை வெளியில் வாங்க வேண்டும். இரத்தம் தேவைப்பட்டால் கொடையாளர்களை அழைத்துவரும் பொறுப்பும் பல நேரங்களில் அவர் தலையில் விழுகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியின் கூலி, துணையிருப்பவரின் கூலி என ஒரு வீட்டின் இரண்டு வருமானங்கள் ஒரே நாளில் நின்றுபோகின்றன.

இந்தச் சுமை எல்லாச் சாதிகளின் மீதும் ஒன்றுபோல் இறங்குவதில்லை. நிலமுள்ள குடும்பம் ஒரு காணியை அடகு வைக்கும். மாதச் சம்பளம் பெறும் உறவினர் விடுப்பு எடுத்து மாறி மாறி மருத்துவமனையில் இருப்பார். சேரியில் பெரும்பாலும் அடகு வைக்க நிலமில்லை; விடுப்பு என்ற சொல்லுக்கே இடமில்லாத வேலைகளில்தான் உறவினர்களும் இருக்கிறார்கள். வயல்கூலியாக இருந்தாலும், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்தாலும், வராத நாளுக்குக் கூலி கிடையாது. பல நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் அமர்த்தப்படுவார். எனவே துணையிருப்பதன் விலை முதலில் நகைக்கடனாகிறது. பிறகு நுண்கடன் குழுவின் தவணையாகிறது. அதற்கும் மேல் கந்துவட்டியாகவோ, செங்கல் சூளை முன்பணமாகவோ மாறுகிறது. கொத்தடிமை முறை 1976இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இல் வந்தது. மருத்துவச் செலவால் கடனுக்குத் தள்ளப்படும் குடும்பத்துக்கு மாற்று வழி காட்டாத வரை இரண்டு சட்டங்களும் பாதி வேலையையே செய்கின்றன.

குடும்பத்துக்குள் இந்தப் பணி யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தாய் நோயுற்றால் பெரும்பாலும் மகள்தான் மருத்துவமனைக்குப் போகிறாள்; தம்பி தங்கையருக்குச் சமைப்பவளும் அவளே. கல்லூரியில் அவளுடைய வருகைப்பதிவு குறைகிறது. தனக்கு நோய் என்றால் காட்ட மருத்துவச் சான்று உண்டு. தாயைப் பார்த்துக்கொண்டதற்குச் சான்று கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரியாக வேண்டியவள் தேர்வு எழுதும் தகுதியை இழக்கிறாள். ஒரு நோய் இரண்டு தலைமுறைகளின் வாழ்வைச் சேதப்படுத்துவது இப்படித்தான்.

நோய் என்பது உடல் துன்பத்தோடு கூலி இழப்பும் சேர்ந்தது என்ற புரிதல் இந்தியாவுக்குப் புதிதன்று. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அண்ணல் அம்பேத்கர் வகித்தார். அக்காலத்தில்தான் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான திட்டத்தை வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் பி.பி. அடார்கரிடம் அளிக்கப்பட்டது. 1944இல் அவர் அறிக்கை தந்தார்; அதன் வழியில் 1948இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., பிறந்தது. அது மருத்துவத்தோடு நோய்க்கால ரொக்கத்தையும் உரிமையாக்கியது. இன்றும் ஈ.எஸ்.ஐ. உறுப்பினர் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால், தகுதி நிபந்தனைகளை நிறைவு செய்தவருக்கு, கூலியில் 80 விழுக்காடு இரண்டாண்டுகள் வரை கிடைக்க வழியுண்டு.

வயல்கூலிக்கு இந்த உரிமை எட்டவில்லை. பின்னாளில் வந்த ஏழைகளுக்கான காப்பீடுகள் மருத்துவமனைக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டன. கூலி இழப்பை விட்டுவிட்டன. ஈ.எஸ்.ஐ.யிலும்கூடத் துணையிருப்பவரின் இழப்புக்கு ஈடு இல்லை.

துணையிருப்பவரை அரசால் அடையாளம் காண முடியாது என்ற வாதம் நிற்காது. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளியுடன் வரும் ஒருவருக்கும் இரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பராமரிப்போருக்கு மாத உதவித்தொகை வழங்கும் ஆஸ்வாசகிரணம் திட்டம் கேரளத்தில் உள்ளது. தொகை சிறிது, ஆயினும் பராமரிப்பு என்பது உழைப்பு என்ற கொள்கையை ஓர் அரசு ஏற்றிருக்கிறது.

தமிழ்நாட்டில் இக்கோரிக்கைக்குச் சட்ட அடித்தளமும் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களுக்கான நிதி அவர்களை நேரடியாகச் சேரவேண்டும் என்பதே அச்சட்டத்தின் நோக்கம். அந்த நிதியிலிருந்து, சிகிச்சை நாள் ஒவ்வொன்றுக்கும் துணையிருப்பவர் ஒருவருக்கு விவசாயக் குறைந்தபட்சக் கூலிக்கு இணையான தொகை வழங்கலாம். காப்பீட்டு ஒப்புதல் கிடைத்த நாளிலேயே சிகிச்சை அட்டவணை மருத்துவமனையிடம் இருக்கிறது; புதிய சரிபார்ப்பு எதுவும் தேவையில்லை. கதிர்வீச்சு மையங்களுக்கு அருகே தங்குமிடமும் உணவும், வெளியூர்ப் பேருந்தில் இருவருக்கும் கட்டணமில்லாப் பயணமும், பராமரிக்கும் மாணவர்களுக்கு வருகைப்பதிவுத் தளர்வும் இதனுடன் சேர வேண்டும்.

இயக்கத் தோழர்களும் மாணவர்களும் உடனடியாகச் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. தத்தம் மாவட்டத்திலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கியவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், இடையில் நின்றவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். சாதிவாரிப் பதிவு இல்லை என்று பதில் வந்தால், அதைப் பராமரிக்கச் செய்வதே முதல் கோரிக்கையாகட்டும். இடையில் நின்றுபோனவர்களை அலட்சியக்காரர்கள் என்று மருத்துவக் குறிப்பேடு எழுதி முடித்துவிடுகிறது. அவர்களுள் எத்தனை பேர் பேருந்துக் கட்டணமும் கூலியும் தீர்ந்துபோனதால் நின்றவர்கள் என்பதை எழுத்தில் கொண்டுவர வேண்டிய கடமை நம்முடையது.