வர்ணம் பூசிய தைரியம்

பூகோளப் படம் போடுகிறவர்களுக்கு இருக்கிற தைரியம், கதை எழுதிப் பிழைக்கிற எனக்குக்கூடக் கிடையாது. அழிந்துபோன ஆதி மனித இனங்கள் வாழ்ந்த இடங்களைக் காட்டும் படங்களைப் பாருங்கள். ஹோமோ எரெக்டஸுக்கு என்று ஒரு வர்ணம். அது ஆப்பிரிக்காவில் புறப்பட்டு, இந்தியாவை முழுக்க நனைத்துக்கொண்டு ஜாவா வரை ஓடுகிறது.

இந்தியாவுக்கு இந்த வர்ணம் எப்படி வந்தது? 1982-இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் அருண் சோனாகியா ஒரு மண்டையோட்டின் பகுதியைக் கண்டெடுத்தார். பல்லும் இல்லை, தாடையும் இல்லை. அவர் அதை ஹோமோ எரெக்டஸ் என்றார். கென்னத் கென்னடி 1991-இல், அப்படியல்ல, நம்முடைய ஹோமோ சேபியன்ஸின் பழைய வடிவம் என்றார். ஓடு ஒன்று, பெயர் இரண்டு. படத்திலோ வர்ணம் ஒன்றுதான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டுகள் வரை போகிறது என்று 2011-இல் வெளியிட்டார்கள். பெருமைப்படத்தக்க விஷயம், சந்தேகமில்லை. ஆனால் கோடரி செய்தவனின் எலும்பு ஒன்றுகூட அங்கே அகப்படவில்லை. அரிவாளைப் பார்த்துக் கொல்லனின் முகஜாடையைச் சொல்ல முடியுமா?

எலும்பு கிடைத்துவிட்டால் மட்டும் வழக்குத் தீர்ந்துவிடுமா? விழுப்புரம் மாவட்டத்தில், பொம்மையார்பாளையத்தை அடுத்த ஓடையில், 2001-இல் செம்பாறைக் கட்டிக்குள் ஒரு குழந்தையின் மண்டையோடு கிடைத்தது. கண்டுபிடித்த பி. ராஜேந்திரன் அதற்குச் சுமார் 1,66,000 ஆண்டு வயது சொன்னார். அறிஞர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. பாறையின் வயதுதான் எலும்பின் வயதா என்பது ஒரு கேள்வி. முகம் முற்றாத சிசுவை எந்த இனத்தில் சேர்ப்பது என்பது இன்னொரு கேள்வி. நம்மவர்களில் சிலர் இரண்டுக்கும் காத்திராமல், அந்தக் குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் சூட்டவே தயாராகிவிட்டார்கள்!

இதே மாவட்டத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. எதைச் சொன்னாலும் 'ஒரு வகையில்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய தர்க்கம். உண்டு, இல்லை என்று தொடங்கி ஏழு விதமாகச் சொல்லலாம். அவற்றில் ஒன்று, 'சொல்ல இயலாது' என்பது. நம் படக்காரர்களுக்கோ இரண்டுதான் தெரியும்: வர்ணம் பூசினால் உண்டு, வெள்ளையாக விட்டால் இல்லை.

இது வெறும் வார்த்தைச் சண்டை அல்ல. வர்ணம் பூசிய இடத்தில், தெரிந்துவிட்டதே என்று தோண்டமாட்டார்கள். வெள்ளையாக விட்ட இடத்தில், ஒன்றுமில்லையே என்று தோண்டமாட்டார்கள். இதற்குள் கல் குவாரிக்காரர் வந்து இரண்டையும் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்.

எலும்பு கிடைத்த இடத்துக்கு ஒரு குறி போடுங்கள். கருவி மட்டும் கிடைத்த இடத்துக்கு வேறு குறி. தேடாத இடத்தில் 'தேடவில்லை' என்றே எழுதுங்கள். படம் அழகாக இராது. இராவிட்டால் என்ன? அழகுக்காகப் பொய் சொல்ல நாவலாசிரியர்கள் இருக்கிறோம். அதற்குத்தான் வாசகர்கள் எங்களுக்குக் காசு கொடுக்கிறார்கள்.