படிப்பு ஏறவில்லையா, காது கேட்கவில்லையா?

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பார்த்து, "இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்று சொல்லும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த 'இதுங்க' என்ற சொல்லில் இருப்பது சாதி. பிள்ளையின் காதில் சீழ் இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்பதே என் கேள்வி.

குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையானது, சாய்வு குறைந்தது. அதனால் சளி பிடித்தால் கிருமி எளிதில் காதுக்குப் போகும். கவனிக்காமல் விட்டால் செவிப்பறை ஓட்டையாகி, மாதக்கணக்கில் சீழ் வடியும், செவித்திறன் குறையும். நெரிசலான வீடு, அடுப்புப் புகை, சத்துக்குறைவு ஆகியவை இதை வளர்க்கின்றன. சேரிக்கு இவற்றைப் பங்கு வைத்தது விதியல்ல, சாதி.

கருவியால் காதுக்குள் பார்த்தாலே நோய் தெரியும். சுத்தமான துணித் திரியால் சீழை ஒற்றியெடுத்து, மருத்துவர் தரும் சொட்டு மருந்தை விட்டால் பெரும்பாலும் காய்ந்துவிடும். எண்ணெய் ஊற்றக்கூடாது, காதில் தண்ணீர் படக்கூடாது. காதுக்குப் பின்னால் வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டப்படி, மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிகளுக்கு இருமுறையும் வர வேண்டும். நடுக்காது அழற்சியும் அதன் பட்டியலில் உண்டு.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குக் குழு எப்போது வந்தது, எத்தனை பிள்ளைகளின் காதைப் பார்த்தது என்று கேளுங்கள். காதைப் பார்க்காமல் ஒரு பிள்ளைக்கு 'மந்தம்' என்று பெயர் வைக்க எவருக்கும் உரிமையில்லை.