பேர் வெட்டாத லீவு எங்கள் உரிமை



வேலைக்குப் போனால் பேர். போகாவிட்டால் பேர் இல்லை. நாட்கூலிக்காரருக்குத் தெரிந்த கணக்கு இதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றாலும், சிறுநீரக வருத்தக்கார அப்பாவை இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போக வாரத்தில் இரண்டு நாள் நின்றாலும், தோட்டம் எங்களுக்கு ஒரு சதமும் தருவதில்லை. ஆக, சம்பளமில்லாத லீவை நாங்கள் காலங்காலமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த நட்டம் முழுவதும் எங்கள் தலையில். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: திரும்பி வரும்போது எங்கள் வேலை அங்கே இருக்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பெண்ணுக்கும் உரியது. மூன்றாம் பிள்ளை என்றால் முன்பு 42 நாள்தான். 2018இல் வந்த திருத்தத்தால் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 வேலைநாள் கிடைக்கிறது. நல்லது. ஆனால் 85ஆம் நாள் அந்தப் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி வந்தால்? அங்கே சட்டம் வாய் திறப்பதில்லை.

கடையிலும் காரியாலயத்திலும் வேலை செய்பவருக்கு 1954ஆம் ஆண்டின் சட்டப்படி, வருட லீவு தவிர, சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்கும் 7 நாள் சம்பளத்துடன் உண்டு. அரசாங்க உத்தியோகத்தருக்கு வருடத்துக்கு 45 நாள். அதற்கு மேல் சம்பளமற்ற லீவும் தாபன விதிக்கோவையில் எழுதியிருக்கிறது. சம்பளச் சபைகளின் கீழ் வரும் தேயிலை, இறப்பர், தென்னைத் தொழிலாளருக்கோ சுகவீன லீவு என்று சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. வருத்தம் வந்தால் தேங்காய் உரிக்கிறவரின் உடம்புக்கும் கந்தோரில் இருக்கிறவரின் உடம்புக்கும் என்ன வித்தியாசம்?

வன்னியில் இந்தக் குறை இன்னும் கூடுதலாக உறைக்கும். எங்களில் பலர் 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். அம்மாவோ அண்ணனோ இன்னும் ஹட்டனிலோ பதுளையிலோ இருப்பார்கள். அங்கே ஒருவர் விழுந்தால் போகவர மட்டுமே இரண்டு நாள். முல்லைத்தீவிலிருந்து பெரிய சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போனாலும், புற்றுநோய்க்கு மகரகமை போனாலும் துணைக்கு ஆள் வேண்டும். அந்தத் துணை ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண். வேலையை இழக்கிறவளும் அவள்தான்.

"லீவை உரிமையாக்கினால் எல்லாரும் வீட்டில் நிற்பார்கள்" என்று நிர்வாகங்கள் சொல்லும். அன்றைய கூலி அன்றைய அரிசியாக இருக்கிற வீட்டில், சம்பளமில்லாமல் யார் விளையாட்டுக்கு நிற்பார்? அமெரிக்காவில் 1993 முதல் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில், ஒரு வருடமாவது வேலை செய்தவருக்கு 12 வாரச் சம்பளமற்ற லீவு சட்டம். திரும்பி வந்தால் அதே வேலை அல்லது அதற்குச் சமமான வேலை. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதல், பராமரிப்பு தேவைப்படும் உறவினரைப் பார்க்க வருடத்துக்கு ஒரு வாரம், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே. லண்டனில் எங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது, கிளிநொச்சியில் அவனைப் பெற்றவளுக்கு ஏன் இல்லை?

"கூலியோடு லீவு கேட்காமல் இதென்ன பிச்சை?" என்று எங்கள் தோழர்களே கேட்கிறார்கள். கூலியோடு கேட்பதை நாங்கள் விடவில்லை. ஆனால் வேலையே போனபின் எந்தக் கூலியைக் கேட்பது?

எங்கள் கோரிக்கைகள்:

1. சொந்தச் சுகவீனத்துக்கும், பிள்ளை, துணை, பெற்றோர் பராமரிப்புக்கும் வருடத்துக்கு 12 வாரம் வரை சம்பளமற்ற லீவு. ஆணுக்கும் பெண்ணுக்கும்.

2. திரும்பி வந்தால் அதே வேலை. சேவைக்காலம் அறுபடக் கூடாது. சர்விஸ் காசு கணக்கில் அந்த நாட்களும் சேரவேண்டும்.

3. கிளினிக் கொப்பியோ வைத்தியரின் கடிதமோ அத்தாட்சியாகப் போதும்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. லீவு வேண்டுமானால் எழுத்தில் கேளுங்கள். பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம். "நீ வேலையை விட்டுப் போய்விட்டாய்" என்று சொன்னால் பயப்படாதீர்கள். வராமல் நின்றது மட்டும் வேலையைக் கைவிட்டதாகாது; திரும்பி வரும் எண்ணம் இல்லை என்பதும் தெரியவேண்டும். உங்கள் கையிலுள்ள அந்தக் கடிதப் பிரதிதான் எண்ணத்துக்குச் சாட்சி. வேலை நிறுத்தப்பட்டால் உடனே சங்கத்துக்கு வாருங்கள். தொழில் நியாயசபைக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம்.

நோயாளியின் கட்டிலருகே நின்ற குற்றத்துக்காக ஒரு தொழிலாளியின் பேரையும் வெட்ட விடமாட்டோம்!