கண்பழகும் பருவம்



‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது பழமொழி. பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போதே இதனை நினைவுகூர்கின்றோம். கண்பார்வைக்கும் இது பொருந்தும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

காண்பது கண் மட்டுமன்று. மூளையும் சேர்ந்தே காண்கின்றது. குழந்தையின் மூளை பார்த்துப் பார்த்தே பார்வையைக் கற்கின்றது. 1960ஆம் ஆண்டுகளில் ஹியூபல், வீசல் என்னும் அறிஞர்கள் அமெரிக்காவில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடிவைத்து ஆராய்ந்தனர். பின்னர் அக்கண்ணைத் திறந்தும், அது அனுப்பிய செய்தியை மூளை ஏற்கவில்லை. வளர்ந்த பூனைக்கோ அத்தகைய கேடு நேரவில்லை. பார்வை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக இவ்விருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்தியாவில், பிறவிக் கண்புரையால் பார்வையிழந்த பிள்ளைகளுக்குப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ் திட்டம்’ ஒளி வழங்கி வருகின்றது. 8 முதல் 17 வயது வரையிலான ஐவரைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. கையால் தடவி அறிந்த பொருளை, அறுவை மருத்துவம் முடிந்தவுடன் அவர்களால் கண்ணால் இனங்காண இயலவில்லை. பழகப் பழகத் தேறினர். எனவே, காலந்தாழ்ந்தாலும் நம்பிக்கை உண்டு. ஆயினும் தாழ்த்தியதன் இழப்பு முழுவதும் நீங்குவதில்லை.

நமது நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு இதனால் வரும் பாடம் யாது? ஒரு கண் தெளிவாயிருந்தால் மறு கண்ணின் மங்கலைக் குழந்தை உணர்வதில்லை. கரும்பலகையைப் பார்த்தெழுதத் தடுமாறும் பிள்ளையை ‘மந்தம்’ என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். குற்றம் அறிவிலன்று, கண்ணில் இருக்கலாம் அன்றோ?

மாறுகண், கண்மணியில் வெண்மை, தலையைச் சாய்த்துப் பார்த்தல், ஒரு கண்ணை மூடினால் சிணுங்குதல் ஆகியவற்றைக் கண்டால் காத்திராதீர்கள். சிரம்பானுக்கோ குவாலா பிலாவுக்கோ அழைத்துச் சென்று அரசாங்க மருத்துவமனையில் காட்டுங்கள். கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணைச் சிறிது நேரம் மறைத்தும் சோம்பல் கண்ணைப் பழக்குவர். ஏழு வயதிற்குள் தொடங்கினால் பலன் மிகுதி. குறி எதுவும் தெரியாவிடினும், முதலாம் ஆண்டில் சேருமுன் ஒருமுறை கண்களைச் சோதிப்பது நன்று.

‘ஒருநாள் கூலி போய்விடுமே’ என்று தயங்குவோர் உண்டு. அவர்தம் நிலையை நாம் அறிவோம். ஆயினும் ஒருநாள் கூலியை மறுநாள் உழைத்து ஈட்டலாம். கண்பழகும் பருவமோ போனால் மீளாது.